பைன் மகரந்தப் பொடி: தாதுக்களும் கன உலோகங்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்குப் பக்கம். மசாலா, மூலிகைப் பொடி, கடல் உணவு எல்லாவற்றிலும் உலோக அளவு பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் பல வருடம் வேலை செய்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தம்பி தேன் பெட்டி வைத்திருக்கிறான், தேன் வாங்க வருகிறவர்கள் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காராமல் போவதில்லை. கொஞ்ச காலமாக அவர்களில் பலர் பையிலிருந்து ஒரு மஞ்சள் பொடி டப்பாவை எடுத்துக் காட்டுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பியது, மருமகன் ஆன்லைனில் வாங்கியது, யாரோ ஜிம்மில் சொன்னது என்று ஆளுக்கொரு கதை. டப்பாவில் பைன் மகரந்தம் என்று எழுதியிருக்கும். கேள்விகள் மட்டும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதி, பதிலும் போட்டிருக்கிறேன்.

அக்கா, பைன் மகரந்தம்னா என்ன? பூவுல இருந்து எடுக்கறதா?

பைன் மரத்துக்கு நாம் நினைக்கிற மாதிரி பூ கிடையாது. கிளை நுனியில் விரல் நுனி அளவில் ஆண் கூம்புகள் கொத்தாக வரும். அவை முற்றியதும் வெடித்து மஞ்சள் தூளைக் காற்றில் விடும். அந்தத் தூள்தான் மகரந்தம். தேனீயை நம்பாமல் காற்றை நம்பி வாழும் மரம் என்பதால் அள்ளிக் கொட்டும். பைன் காடுகள் உள்ள ஊர்களில் அந்தச் சில வாரம் வண்டி, கூரை, குளம் எல்லாம் மஞ்சளாகிவிடும்.

சீனாவில் இதை சோங்ஹுவாஃபென் என்ற பெயரில் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். பைனஸ் மாசோனியானா, பைனஸ் டேபுலிஃபார்மிஸ் என்ற இரண்டு மரங்கள் இதற்குப் பேர்போனவை. கொரியாவில் தேனில் குழைத்து அச்சில் இட்டுப் பலகாரம் செய்கிறார்கள். ஆக, ரொம்ப காலமாக மனிதர்கள் வாயில் போட்ட பொருள்தான். அதனாலேயே கடையில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவும் சுத்தம் என்று ஆகிவிடாது.

நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மணியின் இரண்டு பக்கமும் காற்றுப் பை ஒட்டியிருக்கும், பயறுமணிக்கு இரண்டு பலூன் கட்டிவிட்டது போல. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவினால் உடனே மூழ்காமல் மேலே ஏடு மாதிரி பரவி நிற்பது அதனால்தான்.

நம்ம கடற்கரையில நிக்கற காத்தாடி மரம் பைன்தானே? அதுல இருந்தே எடுக்கலாமே?

இல்லை. காத்தாடி என்றும் சவுக்கு என்றும் நாம் சொல்வது கேசுவரினா. ஊசி இலை போலவும் சின்னக் கூம்பு போலவும் தெரிவதால் வரும் குழப்பம் இது. அந்த ஊசியில் ஒன்றைப் பறித்துக் கணு கணுவாக இழுத்துப் பாருங்கள், முருங்கைக்காய்த் துண்டு போலக் கழன்று வரும். அது இலையே அல்ல, பச்சைக் குச்சி. உண்மையான இலை அந்தக் கணுவில் பல் மாதிரி வரிசையாக இருக்கும் செதில்கள்தான். சவுக்கு பூக்கும் தாவர இனம், பைனுக்கு உறவே கிடையாது. அதன் மகரந்தம் பலருக்கு மூக்கடைப்பையும் இழுப்பையும் கொண்டுவரும். எடுத்துச் சாப்பிட வேண்டாம்.

நம் மாவட்டத்தில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நீங்கள் பார்ப்பது மனிதர்கள் நட்டவை. இந்தியாவில் பைன் தானாக வளரும் இடம் இமயமலைப் பக்கமும் வடகிழக்கு மலைகளும். தென்னிந்தியக் காட்டில் இயல்பாக வளரும் ஒரே ஊசியிலை வகை மரம் நாகேயா வாலிச்சியானா. நம் அகத்தியமலைப் பகுதிக் காடுகளில் உண்டு. அதுவும் பைன் அல்ல, இலைகூட ஊசியாக இருக்காது.

தாழம்பூவுக்கும் 'ஸ்க்ரூ பைன்'னு போட்டிருக்கே. அந்தப் பொடியும் இதும் ஒண்ணா?

பெயரில் மட்டும்தான் பைன். தாழை வேறு குடும்பம். தாழம்பூ மடலை உதறினால் விழும் தூளும் மகரந்தம்தான், ஆனால் அது தாழையின் மகரந்தம். அன்னாசியின் ஆங்கிலப் பெயரிலும் பைன் வருகிறது என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தேனீ கொண்டு வர்ற மகரந்தமும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. தேனீ பல பூக்களில் இருந்து எடுத்து, கொஞ்சம் தேன் சேர்த்துக் குழைத்து, பின்காலில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. பெட்டி வாசலில் சின்ன ஓட்டைகள் உள்ள தட்டு வைத்தால் அந்த உருண்டைகள் கீழே விழும். நம் பக்கத்துப் பெட்டிகளில் தென்னை மகரந்தம் நிறைய இருக்கும், தென்னை வருடம் முழுக்கப் பாளை விடுகிறதே. பைன் மகரந்தத்தை மனிதர்களே கூம்பை ஒடித்து, உலர்த்தி, தட்டி, சலித்து எடுக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், கெட்ட உலோகம் வந்து சேரும் வழி இரண்டிலும் வேறு. பைனில் எப்படி என்பதைக் கொஞ்சம் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

சரி, இதுல என்னென்ன தாது உண்டு?

பொட்டாசியமும் பாஸ்பரஸும் முதலில் வரும். அப்புறம் மெக்னீசியம், கால்சியம். இவற்றுக்கு ரொம்பக் கீழே இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், அதற்கும் கீழே செம்பு. இது எந்தச் செடியின் மகரந்தத்துக்கும் ஏறக்குறைய பொருந்தும் வரிசை. விதையாக வேண்டிய உயிரணுவுக்கு என்ன தேவையோ அதைத்தான் மரம் கட்டிக் கொடுக்கும்.

பைனுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. புளிப்பான மண்ணில் நன்றாக வளரும் மரம் அது. புளிப்பு மண்ணில் மாங்கனீசும் அலுமினியமும் அதிகமாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அதனால் பைனின் உடம்பில் இவை இரண்டும் தாராளமாக இருப்பது சகஜம். ஒரே இனத்து மரமாக இருந்தாலும் மலைக்கு மலை அளவு மாறும். ஒரு டப்பாவில் அச்சடித்த எண் அடுத்த டப்பாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

இரும்புச்சத்து நிறைய உண்டுன்னு போட்டிருக்கு. மகளுக்கு ரத்தம் கம்மி, கொடுக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாராளமாக வைத்து, ஒரு கிலோ பொடியில் 200 மில்லிகிராம் இரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கரண்டி, அதாவது 5 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 1 மில்லிகிராம். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆர் 2020-இல் கொடுத்த பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும், ஆணுக்கு 19. இந்த ஒரு மில்லிகிராமிலும் உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான்.

50 கிராம் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் இதைப்போல இரண்டு மடங்கு இரும்பும், கூடவே 170 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் வந்துவிடும். விலையையும் சேர்த்து யோசியுங்கள். மகளுக்கு ரத்தசோகை என்றால் அளவு எவ்வளவு என்று பரிசோதித்து, டாக்டர் தரும் மாத்திரையைச் சாப்பிடட்டும். டப்பாவில் 'நிறைய' என்று எழுதியிருப்பது நூறு கிராமுக்கான கணக்கு. நூறு கிராம் மகரந்தத்தை யாரும் ஒரே நாளில் சாப்பிடுவதில்லை.

பிபிஎம்னு எழுதியிருக்கு, அது என்ன கணக்கு?

ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் பிபிஎம். ஒரு கிராமில் எத்தனை மைக்ரோகிராம் என்றாலும் அதே எண்தான் வரும், இந்த இரண்டாவது முறை நமக்குக் கைகொடுக்கும். ஈயம் 2 பிபிஎம் என்று எழுதியிருந்தால், நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு கிராமிலும் 2 மைக்ரோகிராம் ஈயம். 5 கிராம் சாப்பிட்டால் 10 மைக்ரோகிராம். இந்தப் பெருக்கல் தெரிந்துவிட்டால் மீதிப் பதில்கள் எல்லாம் சுலபம்.

கன உலோகம்னா என்ன? இரும்பும் கனம்தானே, அது நல்லதுன்னு சொல்றீங்களே?

நியாயமான கேள்வி. கன உலோகம் என்பது கறாரான வேதியியல் சொல் அல்ல. இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாம் எடையில் கனமானவைதான், ஆனால் உடம்புக்கு அளவோடு வேண்டும். ஆர்சனிக் முழு உலோகம்கூட இல்லை. உணவுச் சோதனையில் கன உலோகம் என்று சொன்னால் முக்கியமாக நான்கைப் பற்றித்தான் பேசுகிறோம்: ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம். இவற்றால் உடம்புக்கு எந்த வேலையும் இல்லை. ஈயம் எலும்பில் போய்ப் பல வருடம் உட்காரும். காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 வருடம் வரை தங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுதான் இவற்றில் ஆபத்து.

மரத்து உச்சியில கிடக்கற தூளுக்குள்ள ஈயம் எப்படிப் போகும்?

மூன்று வழி உண்டு. முதல் வழி வேர். மண்ணில் இருப்பதை மரம் உறிஞ்சும்போது காட்மியம் துத்தநாகத்தின் கூடவே ஏறிவிடும், இரண்டும் வேதியியலில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மண் புளிப்பாக இருந்தால் இன்னும் சுலபமாக ஏறும். ஈயம் அப்படி ஏறாது, பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது வழி காற்று. ஈயத்துக்கு இதுதான் பெரிய வழி. உருக்காலை, நிலக்கரி எரிக்கும் இடம், சுரங்கம், பெரிய சாலை இவற்றின் தூசி ஒட்டும். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது, ஆனால் அதற்கு முன்னால் சாலையோர மண்ணில் விழுந்தது இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஈயம் மண்ணை விட்டு லேசில் போகாது. ஒரு நல்ல விஷயம், ஆண் கூம்பு மரத்தில் சில வாரம்தான் திறந்திருக்கும். வருடக்கணக்கில் தூசி வாங்கும் பட்டையையும் ஊசி இலையையும் ஒப்பிட்டால் மகரந்தத்தில் படிவது குறைவு.

மூன்றாவது வழி மனிதர் கை. அனுபவத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நம் ஊரில் நெல்லையும் கொப்பரையையும் ரோட்டில் காயப் போடுகிறோம் அல்லவா? அதே மாதிரி கூம்பை எங்கே உலர்த்தினார்கள், எந்த விரிப்பில் தட்டினார்கள், எந்தச் சல்லடையில் சலித்தார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. மகரந்தம் மாவைவிட மென்மையான தூள், அதே அளவு மென்மையான சாலைத் தூசி அதில் கலந்தால் எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது.

'மலைக்காட்டில் சேகரித்தது'ன்னு போட்டிருந்தா பயம் இல்லையே?

கூட்டம் இல்லாத மலை என்றால் காற்று வழி குறையும். ஆனால் மலைப் பாறையிலேயே இயற்கையாக ஆர்சனிக்கோ காட்மியமோ இருக்கும் இடங்களும் உண்டு. மேலே சொன்ன மூன்றாவது வழியும் அப்படியே இருக்கிறது. இயற்கை விவசாயச் சான்று என்பது முக்கியமாகப் பூச்சிமருந்து, ரசாயன உரம் பற்றியது. ஈயத்துக்கு அந்த முத்திரையை நம்ப வேண்டாம், உலோக அளவு பார்த்த ஆய்வக ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

'செல் சுவர் உடைத்தது'ன்னு கூடுதல் விலை சொல்றாங்க. அது என்ன?

மகரந்தத்தின் வெளி ஓடு ஸ்போரோபொலனின் என்ற பொருளால் ஆனது. உயிர்ப் பொருட்களில் இவ்வளவு முரட்டுப் பொருள் அபூர்வம். கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தும் மகரந்த ஓடு அழியாமல் கிடைக்கிறது. ஆய்வகத்தில் இதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அரை கிராம் மகரந்தத்தை நைட்ரிக் அமிலத்தில் போட்டு, திறந்த பீக்கரில் சூடாக்கினால் செம்பழுப்புப் புகை வரும், அமிலம் மஞ்சளாகும், ஆனால் மேலே ஒரு மெல்லிய ஏடு பிடிவாதமாக மிதந்துகொண்டே இருக்கும். டெஃப்ளான் குப்பியில் இறுக்கி மூடி, மைக்ரோவேவ் கருவியில் அழுத்தத்தோடு 200 டிகிரி அளவுக்கு ஏற்றினால்தான் தெளிந்த கரைசல் கிடைக்கும்.

அதனால் ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பது சீக்கிரம் வெளியே வரும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உடைக்கிற அரவை இயந்திரத்தில் எஃகு உருண்டைகள் இருந்தால் அவை தேய்ந்து இரும்பும் குரோமியமும் நிக்கலும் பொடியில் சேரலாம். உடைத்த பொடி என்றால், அரைத்த பிறகு எடுத்த ரிப்போர்ட்டா என்று கேளுங்கள். அரைக்கும் முன் எடுத்த ரிப்போர்ட் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

எவ்வளவு ஈயம் இருந்தா பரவாயில்லன்னு ஒரு எண் சொல்லுங்க.

எண் ஒன்றல்ல, அதனால்தான் குழப்பம். மூலிகைப் பொருளுக்கு நம் ஆயுர்வேத மருந்து நூல் வைத்திருக்கும் உச்ச அளவு: ஈயம் 10 பிபிஎம், காட்மியம் 0.3, ஆர்சனிக் 3, பாதரசம் 1. ஐரோப்பாவில் சத்துப்பொடி, மாத்திரை வகைக்கு ஈயம் 3, காட்மியம் 1, பாதரசம் 0.1. ஒரே பொடி ஒரு கணக்கில் தேறும், இன்னொன்றில் தோற்கும். விற்கிறவர் 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சொன்னால் எந்த வரம்பு என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

இப்போது மேலே சொன்ன பெருக்கலைப் போடுங்கள். 10 பிபிஎம் ஈயம் உள்ள பொடி 5 கிராம் என்றால் 50 மைக்ரோகிராம். 3 பிபிஎம் என்றால் 15. அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2022-இல் சொன்ன ஒப்பீட்டு அளவு, உணவு வழியாக ஒரு நாளைக்கு, குழந்தைகளுக்கு 2.2 மைக்ரோகிராம், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு 8.8. அதுவும் ஒரு நாளில் சாப்பிடும் எல்லாமும் சேர்ந்து. ஆக, சட்டப்படி 'பாஸ்' ஆன பொடியே ஒரு பெண்ணுக்கு அதிகமாக இருக்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் காட்ட முடியாது என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பழைய வாராந்திர வரம்பையே 2010-இல் திரும்பப் பெற்றது.

என் சொந்தக் கணக்கைக் கேட்டால், தினமும் சாப்பிடும் பொடி என்றால் ஈயம் 0.5 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். காட்மியத்தில் இவ்வளவு நெருக்கடி இல்லை: 0.3 பிபிஎம் உள்ள பொடி 5 கிராமில் 1.5 மைக்ரோகிராம்தான் வரும். 60 கிலோ எடை உள்ளவருக்கு அதே நிபுணர் குழுவின் மாத வரம்பைப் பிரித்தால் ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராம் வரை போகலாம். ஆனால் சோறும் கீரையும் புகைபிடித்தலும் அதே கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல கன தாது உண்டுன்னு சொல்றாங்களே. அப்போ நம்ம பக்கத்து மகரந்தம் எல்லாம் கெட்டதா?

இங்கே இரண்டு சொல் ஒன்றோடொன்று முட்டுகிறது. மணலில் இருக்கும் கன தாது என்றால் இல்மனைட், ருட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட். சாதாரண வெள்ளை மணலைவிட எடை கூடிய மணிகள் என்பதால் அந்தப் பெயர். அலை அடித்துச் சலித்து ஒதுக்கியதுதான் கரையில் தெரியும் கறுப்பு, சிவப்புப் பட்டைகள். இல்மனைட்டில் டைட்டானியமும் இரும்பும் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. கல் மாதிரி இறுகிய மணிகள் இவை. மழைத் தண்ணீரில் கரைந்து வேருக்குள் ஏறுவது மிக மிகக் குறைவு.

ஈயம், காட்மியம் பற்றிய பேச்சு வேறு, இந்த மணல் பற்றிய பேச்சு வேறு. மணலின் கதிரியக்கம் தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம், அதை இந்த மகரந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடற்கரை ஓரம் பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மகரந்தத்தை மணல் காற்று அடிக்கும் இடத்தில் திறந்து காயப் போடாதீர்கள்.

அப்போ எங்க வீட்டுத் தேன் பெட்டியில எடுக்கற மகரந்தம்? அதை நம்பலாமா?

நம்பலாம், சில வேலைகளைச் சரியாகச் செய்தால். மார்த்தாண்டம் பக்கம் தேன் பெட்டி வைக்கிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பெட்டியின் பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும் பெட்டி என்றால் வாசல் பலகையை மாற்றிவிடுங்கள். பழைய பெயின்ட் டப்பாவில் மகரந்தத்தைச் சேர்த்து வைத்திருந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். கழுவித்தான் வைத்தோம் என்றார்கள், உட்புற விளிம்பில் விரல் வைத்தால் சிவப்புச் செதில் ஒட்டியது. அப்படிச் செய்ய வேண்டாம். துரு பிடித்த, துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுத் தட்டோ, உணவுக்கான பிளாஸ்டிக் தட்டோ போதும்.

அப்புறம் செம்பு. கமுகுக்கும் நல்லமிளகுக் கொடிக்கும் மழைக்கு முன்னால் செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம். அந்த நாட்களில் பெட்டி வாசலில் வைத்த மகரந்தத் தட்டை எடுத்துவிடுங்கள். ரப்பர் தேன் பற்றியும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் பூவிலிருந்து வருவது அல்ல, கொழுந்து இலையின் காம்பில் சுரக்கும் இனிப்பு. அதனால் அந்தப் பருவத்தில் தேன் பெருகினாலும் மகரந்தம் வேறு செடிகளில் இருந்துதான் வர வேண்டும்.

பெட்டியை நெடுஞ்சாலைக்கு ஒட்டி வைக்காமல் தோட்டத்துக்கு உள்ளே தள்ளி வையுங்கள். டயர் தேயும்போது துத்தநாகமும் பிரேக் தேயும்போது செம்பும் ஆன்டிமனியும் தூசியாகப் பறக்கும்.

வீட்டுலயே சோதிக்க வழி உண்டா? கழுவினா போயிருமா?

வழி இல்லை. ஈயத்துக்கு நிறம், மணம், ருசி எதுவும் பொடியில் தெரியாது. தண்ணீரில் மிதப்பது மகரந்தம் என்பதற்கு ஓர் அடையாளமே ஒழிய சுத்தத்துக்கு அல்ல. கழுவினால் மேலே ஒட்டிய தூசியில் கொஞ்சம் போகலாம், உள்ளே ஏறிய காட்மியம் போகாது. ஈரமான மகரந்தம் நம் ஊர்க் காற்றில் ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும். புதிதாக ஒரு தொல்லையை வாங்கியதாக ஆகும்.

கடைக்காரர் ரிப்போர்ட் அனுப்பிட்டார். அதுல எதைப் பாக்கணும்?

முதலில் பேட்ச் எண். டப்பாவில் இருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றா? நானே ஒரு முறை ஏமாந்தேன். ஆன்லைனில் வாங்கிய பொடிக்கு ரிப்போர்ட் கேட்டேன், உடனே அனுப்பினார்கள், எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. இரண்டாவது முறை வாசிக்கும்போதுதான் கவனித்தேன், மாதிரியின் பெயர் என்ற இடத்தில் வேறொரு மூலிகைப் பொடியின் பெயர், தேதியும் இரண்டு வருடம் பழையது. பணம் திரும்பி வந்தது, ஆனால் அதற்கு முன்னால் பத்து நாள் அதைச் சாப்பிட்டிருந்தேன். இந்தத் துறையிலேயே வேலை செய்த எனக்கே இப்படி என்றால் மற்றவர்களை நினைத்து மனது கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, உலோகத்தை எந்தக் கருவி முறையில் அளந்தார்கள் என்பது. ஐசிபி-எம்எஸ் அல்லது ஏஏஎஸ் என்று இருக்கும். இரண்டும் சரிதான், முதலாவது இன்னும் நுட்பமாக அளக்கும். மாதிரியைத் திறந்த உலையில் சாம்பலாக்கிப் பாதரசம் பார்த்ததாக இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும்.

மூன்றாவது, 'கண்டறியப்படவில்லை' என்ற சொல். பக்கத்தில் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். எல்லை 0.05 பிபிஎம் என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. எல்லையே 2.5 பிபிஎம் என்றால், 2.4 பிபிஎம் ஈயம் உள்ள பொடிக்கும் அதே சொல்தான் வரும். எல்லை எழுதாத ரிப்போர்ட்டை நான் ஒதுக்கிவிடுவேன்.

மகரந்த ஓடு ஈயத்தை உறிஞ்சுமாமே. அப்போ சாப்பிட்டா உடம்புல உள்ளதை இழுத்து வெளியே தள்ளுமா?

தண்ணீரில் கரைந்த உலோகத்தை ஸ்போரோபொலனின் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை, கழிவுநீரைச் சுத்தம் செய்ய அதை ஆய்வு செய்கிறார்கள். ஆனால் பீக்கரில் நடப்பது வேறு, எலும்புக்குள் உட்கார்ந்த ஈயம் வேறு. குடலில் போகும் ஓடு எலும்பைத் தொடப் போவதில்லை. உலோகத்தைப் பிடிக்கும் குணம் இருக்கிறது என்றால், உலர்த்திய இடத்தில் உள்ள உலோகத்தையும் அது பிடித்து வைத்திருக்கும் என்றுதான் நான் யோசிப்பேன். உடம்பில் ஈயம் கூடியிருந்தால் அதற்கு ஆஸ்பத்திரியில் தனி மருந்து உண்டு, டாக்டர் பார்வையில்தான் கொடுப்பார்கள்.

நம்ம சித்த வைத்தியத்துல பற்பம், செந்தூரம்னு உலோகத்தையே மருந்தாக் கொடுக்கறாங்க. அப்போ இதுல கொஞ்சம் இருந்தா என்ன?

நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அந்த மரியாதையோடுதான் பதில் சொல்கிறேன். அங்கே என்ன உலோகம், எப்படிச் சுத்தி செய்தது, யாருக்கு, எத்தனை அரிசி எடை, எத்தனை நாள், என்ன பத்தியம் என்று வைத்தியர் தீர்மானிக்கிறார். அந்த மருந்துகளிலும் தவறாகச் செய்தவற்றால் ஈயம், பாதரசம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. இங்கேயோ யாரும் தீர்மானிக்காமல், தூசியாகக் கலந்த ஈயத்தை, எத்தனை நாள் என்று வரம்பு இல்லாமல் காலைப் பாலில் கலக்கிக் குடிக்கிறோம். இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

யாரெல்லாம் இதைத் தொடக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள். காரணம் மேலே ஈயக் கணக்கில் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஏனென்றால் காட்மியம் போய் உட்காரும் இடமே அதுதான், பொட்டாசியமும் அவர்களுக்குக் கணக்கு. தலசீமியா போல இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள். ஆஸ்துமா, மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள், அவர்களுக்கு டப்பாவைத் திறக்கும்போது எழும் தூளே போதும்.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் ஆண் ஹார்மோனுக்காக என்று வாங்குகிறார்கள். பைன் மகரந்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் இருப்பது உண்மைதான், ஆனால் மிக மிகச் சின்னத் துளி, வாய்வழியாகப் போனால் அதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடும்.

நான் ஒரு வருஷமா சாப்பிட்டுட்டேன் அக்கா. இப்போ என்ன செய்யணும்?

பதற வேண்டாம். முதலில் நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கிப் போடாமல் மூடி வையுங்கள். டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். 5 மைக்ரோகிராம், அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு, அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிமுறை. ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும், அதனால் நிறுத்திய பிறகு இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு முறை பார்த்தால் இறங்குவது தெரியும். தலைமுடியை அனுப்பிப் பார்க்கும் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், ஷாம்பூவும் தூசியும் அந்த எண்ணைக் குழப்பிவிடும்.

என்கிட்ட இருக்கற பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பணும்னா எப்படி அனுப்பறது?

ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பாருங்கள், அந்த அங்கீகாரத்தில் உணவு அல்லது மூலிகையில் உலோக அளவு என்பது அடங்குகிறதா என்று போனிலேயே கேட்டுவிடலாம். மூடி திறக்காத டப்பா இருந்தால் அப்படியே அனுப்புவது நல்லது. திறந்தது என்றால் பிளாஸ்டிக் கரண்டியால் மேலும் கீழுமாக நன்றாகக் கலக்கி, 100 கிராம் போல எடுத்து, புதிய ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு கவருக்குள் வையுங்கள். செய்தித்தாளில் மடிக்காதீர்கள், அச்சு மை ஒட்டும். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும் வேண்டும், கண்டறியும் எல்லையும் எழுதித் தர வேண்டும் என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். பேட்ச் எண் தெரியும்படி டப்பாவை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.